இன்றைக்கு நீ யார்?

விழா முடிவில் யாராவது நன்றி சொல்ல மைக்கைப் பிடித்தால் போதும், அக்கா நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவார். புனே கேம்ப்பில் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவக் கோயிலில் அறுப்பின் பண்டிகை விருந்து முடிந்து, கமிட்டிச் செயலாளர் "அருமையான பிரியாணி தந்த பெண்கள் ஐக்கியத்துக்கு நன்றி" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் மூன்றாவது வரிசையிலிருந்து குரல் வரும்.

"ஐக்கியம் எங்க சமைச்சிச்சி? காலைல இருந்து அடுப்புகிட்ட நின்னது ரெண்டே பேரு. அவங்க பேரச் சொல்லுங்க."

செயலாளர் அசடு வழிய அந்த இரண்டு பெயரையும் சொல்லுவார். பெயருக்குரிய இருவரும் வெட்கம் தாங்காமல் அண்டாவுக்குப் பின்னால் ஒதுங்குவார்கள். பாதிப் பேர் கைதட்டுவார்கள், மீதிப் பேர் "இந்த அம்மாவுக்கு வேற சோலி இல்ல" என்று முணுமுணுப்பார்கள். எனக்குச் சிரிப்பும் வரும், நம்மைப் பற்றி எப்போது எதைப் போட்டு உடைப்பாரோ என்று கொஞ்சம் உதறலும் இருக்கும்.

அக்காவின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. பெயர் விஷயத்தில் அவர் பட்ட பாடு போதும். என்னைவிட நாலு வயது மூத்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய தாத்தா பாளையங்கோட்டைப் பக்கமிருந்து பட்டாளத்து ஆபீசில் எழுத்து வேலைக்கு வந்து கேம்ப்பில் தங்கிவிட்டவர். அக்கா புனேயிலேயே பிறந்து வளர்ந்தும், வாயைத் திறந்தால் தாமிரபரணித் தண்ணீர்தான். ரிக்ஷாக்காரனிடம் மராத்தி, கடையில் ஹிந்தி, கோபம் வந்தால் மூன்றும் சேர்ந்து வரும்.

மற்ற எல்லாவற்றிலும் விட்டுக்கொடுத்துப் போகிற மனுஷி. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார், புடவைக் கடையில் மற்றவர்கள் கழித்துப் போட்டதை எடுத்துக்கொள்வார். ஒரே ஒரு பிடிவாதம்தான். ஒரு வேலையை யார் செய்தாரோ அவர் பெயரில்தான் அது இருக்க வேண்டும். அதில் மட்டும் இம்மி நகர மாட்டார்.

ஒருமுறை அவருடைய தங்கை மகளின் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. தெர்மாகோலில் ஓர் அணைக்கட்டு. மதகைத் தூக்கினால் நீலத் தண்ணீர் ஓடும். முதல் பரிசு கிடைத்துவிட்டது. அக்கா நேரே டீச்சரிடம் போய், "இது நான் செஞ்சது. பிள்ள பசை மட்டும் தொட்டுக் குடுத்தா" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டார். டீச்சருக்கு வேறு வழியில்லாமல் பரிசு அடுத்த பிள்ளைக்குப் போனது. குழந்தை பள்ளிக்கூட வாசலில் ஏங்கி ஏங்கி அழுதாள். லோஹேகாவில் விமானப்படைக் குவார்ட்டர்ஸில் இருந்த தங்கை இரண்டு மாதம் கேம்ப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை.

"என்னக்கா, சின்னப் பிள்ளைகிட்டப் போயி இப்படியா?" என்று கேட்டேன்.

"சின்னப் பிள்ளைன்னுதாம்ட்டி சொல்லுதேன். ஒருத்தர் செஞ்ச வேலைல இன்னொருத்தர் பேர ஒட்டிப் பழகிட்டா, அப்புறம் விடவே முடியாது."

அதைச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் குழந்தை மேல் எனக்கு இருந்த பரிதாபத்தில், அக்கா ரொம்பத்தான் கல்நெஞ்சுக்காரி என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

நான் அப்போது கேம்ப்பில் ஒரு மராட்டிய வக்கீலிடம் டைப்பிஸ்ட். தொழிலாளர் வழக்குகள் மட்டும் பார்க்கிறவர். ஏரவாடாவிலிருந்து பஸ்ஸில் வந்து போவேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் அக்கா அங்கே வழக்குக் கொடுக்க வந்தார். கோயிலில் பார்த்துப் பழகிய முகம், ஆனால் அவர் என்ன வேலை பார்க்கிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகத் தெரிந்தது.

அரசாங்க வானொலி நிலையத்தில் டேப் லைப்ரரி வேலை. நிகழ்ச்சி முடிந்த நாடாக்கள் சக்கரம் சக்கரமாக அங்கே வரும். அறுந்த நாடாவை பிளேடால் சரிவாக வெட்டி ஒட்ட வேண்டும். வேண்டாததை அழித்து மறுபடி பதிவுக்குத் தயாராக்க வேண்டும். உறையில் விவரம் எழுதி அலமாரியில் ஏற்ற வேண்டும். மறுநாளைக்கு உரியதை எடுத்துத் தள்ளுவண்டியில் ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோக வேண்டும். பத்து வருஷத்துக்கு மேல் அக்கா இதைத்தான் செய்தார். ஆனாலும் அவர் அங்கே ஊழியர் இல்லை. கேஷுவல், கூப்பிட்ட நாளுக்கு மட்டும் சம்பளம். ஒப்பந்தத் தாளில் 'கலைஞர்' என்று அச்சடித்திருக்கும். ஒரு கலைஞரை மாதத்தில் ஆறு நாளுக்கு மேல் கூப்பிடக் கூடாது என்று விதி.

வேலையோ மாதம் முழுக்க இருந்தது. விதியும் கெடக் கூடாது, வேலையும் கெடக் கூடாது என்று அங்கே ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. முதல் ஆறு நாள் சொந்தப் பெயரில் வர வேண்டும். அடுத்த ஆறு நாளுக்கு வீட்டில் இருக்கிற யாராவது ஒருவர் பெயர், அதற்கடுத்த ஆறு நாளுக்கு இன்னொருவர் பெயர். அந்தந்தத் தாளில் அந்தந்தப் பெயரில் கையெழுத்து. ஆள் மட்டும் ஒரே ஆள். நிலையத்தில் எல்லோருக்கும் இது தெரியும். காலையில் கேட்டுக்கு வெளியே சாய்க் கடையில் கேஷுவல்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, "ஆஜ் தூ கோண்?" இன்றைக்கு நீ யார்? ஒருவன் "இன்றைக்கு நான் என் மச்சான்" என்பான். பெரிய மீசை வைத்த ஒருவர் மாதக் கடைசியில் தன் மனைவியாக இருப்பார். டியூட்டி அறையிலிருந்து "ஸ்ரீமதி" என்று கூப்பிட்டால், "ஹோ, ஆலோ", இதோ வந்துவிட்டேன் என்று சாய்க் கிளாஸை வைத்துவிட்டு ஓடுவார்.

அக்கா தன் பெயரிலும், தங்கை பெயரிலும், துபாய்க்குப் போய்விட்ட அண்ணி பெயரிலும், அம்மா பெயரிலும் வேலை பார்த்தார். அவருடைய அம்மா ஒரு கான்வென்ட்டில் ஆயாவாக இருந்தவர், நிலையத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை. வீட்டில் ரேடியோ பாடினால், "ஏளா, இது நான் ஏத்துன டேப்பா, உன் தங்கச்சி ஏத்துனதா?" என்று கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரிப்பாராம். அக்கா சிரிக்க மாட்டாராம்.

எங்களை நிரந்தரமாக்குங்கள் என்று நாலு கேஷுவல்கள் சேர்ந்து நிலையத்துக்கு ஒரு மனுக் கொடுத்தார்கள். அடுத்த மாதப் பட்டியலில் நாலு பேர் பெயரும் இல்லை. மூன்று பேர் மன்னிப்பு எழுதிக் கொடுத்துத் திரும்பிப் போனார்கள். அக்கா எழுதவில்லை. "நான் என்ன தப்பு செஞ்சேன்னு சொல்லட்டும், எழுதுதேன்" என்றார். நிலையம் எதையும் சொல்லவில்லை. நீக்கியதாகக் காகிதமும் தரவில்லை. நாங்கள் யாரையும் நீக்கவில்லையே, கூப்பிடவில்லை, அவ்வளவுதானே என்றது.

நான் டைப் அடித்த மனுவை அக்கா விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது. எதையோ தப்பாக அடித்துவிட்டேன் என்று எட்டிப்பார்த்தேன்.

"வக்கீல் பேரு இருக்கு. என் பேரு இருக்கு. இத அடிச்சது நீதான, உன் பேரு எங்க?"

வக்கீல் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து எங்கள் ஆபீஸ் காகிதங்களின் இடது மூலையில் சின்னதாக என் முதலெழுத்துகள் வர ஆரம்பித்தன. பிள்ளை குட்டி பெற்றவள் நான், பெருமையில் அதை வீட்டுக்கு ஒரு பிரதி கொண்டுபோய்க் காட்டினேன் என்றால் நம்புவீர்களா? கொண்டுபோனேன்.

வழக்கின் வாசலிலேயே ஒரு சுவர் இருந்தது. வக்கீல் அதை அக்காவுக்குப் பொறுமையாக விளக்கினார். தொழிலாளர் சட்டம் 'தொழில்' என்று சொல்கிற இடத்தில் வேலை பார்த்தவர்தான் அந்தத் தீர்ப்பாயத்தில் நியாயம் கேட்க முடியும். வானொலி நிலையம் அந்தக் கணக்கில் வராது, போலீஸ் மாதிரி, ராணுவம் மாதிரி அரசாங்கத்தின் கடமை அது என்று நிலையத்தின் தரப்பு எழுதிக் கொடுத்திருந்தது. அது சரியென்றால் அக்காவுக்கு நடந்தது அநியாயமா இல்லையா என்ற பேச்சையே அங்கே எடுக்க முடியாது.

விஷயம் கோயில் வரை பரவியது. "ரேடியோவுல பாட்டுப் போடுததும் தொழிலா? அப்ப நம்ம பாடகர் குழுவும் ஃபாக்டரிதான்" என்று செயலாளர் கேலி செய்தார். பழைய பிரியாணிக் கடுப்பு அவருக்கு.

அக்கா விடவில்லை. "பாடகர் குழுவுக்கு எட்டரை மணிக்கு கேட்ல பேரு பதியணுமா? ஒரு நாளு வரலன்னா ஏன் வரலன்னு கேப்பாங்களா? சோப்பு விளம்பரம், பேஸ்ட் விளம்பரம் வாங்கிப் போடுதாங்களா? அங்க சங்கு ஊதல, அது ஒண்ணுதான் கொறச்சல்."

தீர்ப்பாயம் பம்பாயில் இருந்தது. மாதம் ஒருமுறை புனேயில் வந்து உட்காரும். அக்கா ஒரு தையல் நூல் கடையில் வேலைக்குச் சேர்ந்து, விசாரணை நாள்களில் மட்டும் லீவு போட்டுவிட்டு வந்து முதல் பெஞ்சில் உட்காருவார். நான் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் இருப்பேன். நிலையத்தின் வக்கீல் நல்ல குரல்வளம் உள்ளவர். மக்களுக்கு அறிவையும் இசையையும் கொடுப்பதைச் சோப்புத் தயாரிப்பதோடு சேர்க்கலாமா என்று உருக்கமாகக் கேட்பார். அக்கா என் காதில், "அந்த அறுந்த இசைய ஒட்டுனது யாருன்னு கேளுட்டி" என்பார். நான் எங்கே கேட்பது?

அந்த ஒரு கேள்வியிலேயே வருஷங்கள் போயின. தேதி வாங்கி, தேதி மாறி, நீதிபதி மாறி, மறுபடி முதலிலிருந்து. மன்னிப்பு எழுதிக் கொடுத்துப் போனவர்களில் ஒருவர் கடைக்கே வந்து, "தாயி, இப்பவும் ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள்" என்று ஹிந்தியில் கெஞ்சிப் பார்த்தார். அக்கா அவருக்கு சாய் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

அப்புறம் ஒரு நாள் டெல்லியிலிருந்து சேதி வந்தது. வேறு ஊர்க்காரர்கள் கொண்டுபோன வழக்கில், வானொலியும் தொலைக்காட்சியும் சட்டப்படி தொழில்தான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்கள் வக்கீல் பேடா வாங்கி ஆபீஸ் முழுக்கக் கொடுத்தார். அக்கா ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "அந்தக் கேசப் போட்டவங்க பேரு என்ன?" என்று கேட்டார். வக்கீல் தீர்ப்பைத் தேடிப் பிடித்து வாசிக்க வேண்டியதாயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திர ஜெபத்தில் அக்கா எழுந்து நின்று அந்தப் பெயர்களைச் சொல்லி நன்றி செலுத்தினார். முன்பின் கேட்டிராத பெயர்களுக்குப் பாதிரியார் குழப்பத்தோடு ஆமென் சொன்னார்.

சுவர் விழுந்தது என்று சந்தோஷப்பட்டோம். அதற்குப் பின்னால் இன்னொன்று நின்றுகொண்டிருந்தது. வருஷத்தில் இருநூற்று நாற்பது நாள் வேலை பார்த்ததைக் காட்டினால்தான் சட்டம் காப்பாற்றும். நிலையத்தின் காகிதப்படி அக்கா மாதம் ஆறு நாள் வந்த கலைஞர். மற்ற நாளெல்லாம் வேறு மூன்று பெண்கள் வந்திருக்கிறார்கள். அவர்களில் யாராவது வந்து, நான் போகவே இல்லை என்று சாட்சி சொல்ல வேண்டும் என்றார் வக்கீல்.

தங்கையிடம் கேட்க அக்கா லோஹேகாவுக்குப் போனார். நானும் கூடப் போனேன். தங்கை காபி கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்க வீட்டுக்காரங்க யூனிஃபார்ம் போட்டவங்கக்கா. பொண்டாட்டி பேர்ல பொய்க் கையெழுத்துன்னு பேப்பர் போச்சுன்னா அங்கயும் விசாரண வரும். என்ன விட்டுரு."

"சரி. உன் பேரு உனக்கு" என்று அக்கா எழுந்துவிட்டார்.

அண்ணி துபாயில். அம்மா இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அவர் ஏன் சாட்சிக்கு வரவில்லை என்று காட்ட, இறப்புச் சான்றிதழை மனுவோடு வைக்கச் சொன்னார் வக்கீல். அதை டைப் அடிக்கும்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். நிலையம் தாக்கல் செய்திருந்த பழைய ஒப்பந்தத் தாள்களின் நகல்கள் மேசையில் இருந்தன. தேதியைச் சரிபார்க்கப் புரட்டினேன். சான்றிதழில் இருந்த தேதிக்கு அப்புறமும் அம்மாவின் கையெழுத்து இருந்தது. ஒரு மாதம் இல்லை, நாலு மாதம். அரசாங்கக் காகிதப்படி, கல்லறையில் இருந்த ஒரு பெண் நாலு மாதம் நிலையத்துக்கு வந்து நாடா ஒட்டியிருந்தார்.

அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், புதையல் கண்டவள் மாதிரி கட்டைத் தூக்கிக்கொண்டு வக்கீலிடம் ஓடினேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது. வக்கீல் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "இது போதும். இந்த ஒன்று பொய் என்று ஆகிவிட்டால் மற்றதும் நிற்காது!" என்றார். மறுநாள் அக்கா வந்தபோது அதே உற்சாகத்தோடு அவரிடமும் சொன்னார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீயா பாத்த?"

"ஆமாக்கா."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

எழுந்து போய்விட்டார். மூன்று வாரம் ஆபீஸ் பக்கம் வரவில்லை, கோயிலில் என்னைக் கண்டால் வேறு வாசலால் வெளியேறினார். நாலாவது ஞாயிறு நானே அவர் வீட்டுக்குப் போனேன். மதியச் சமையலுக்கு அயிலை மீன் கழுவிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நானாக உட்கார்ந்தேன். தலையை நிமிர்த்தாமலே பேச ஆரம்பித்தார்.

"அம்மைய அடக்கம் பண்ணி ஏழாம் நாளு வேலைக்குப் போனேன். அந்த மாசத் தாள ஆபீசரு முந்தியே எழுதி வச்சிருந்தாரு. மேசைல எங்கம்மை பேரு கெடக்கு. செத்துப்போயிட்டான்னு சொல்லணும். சொன்னா அந்த ஆறு நாளு வேற யாருக்கும் போயிரும்னு தோணிச்சு. போட்டுட்டேன். கை நடுங்கவே இல்ல பிள்ள. அதுதான் எனக்கு இன்னமும் பயமா இருக்கு."

"அக்கா..."

"அடுத்த மாசம் அவரு, அம்மா எப்படி இருக்காங்கன்னு கேட்டாரு. பரி ஆஹேன்னேன். நல்லா இருக்கான்னு சொல்லிட்டேன். நாலு மாசம். அதுக்குப் பெறவு முடியல. அவருகிட்டச் சொல்லிட்டு அந்தப் பேர விட்டுட்டேன்."

பள்ளிக்கூட வாசலில் அழுத குழந்தை மேல் அவர் ஏன் அத்தனை கடுமையாக இருந்தார் என்பது எனக்கு அப்போது விளங்கியது. மீன் கழுவ ஒரு கை கொடுத்தேன். அக்கா தடுக்கவில்லை.

அடுத்த நாள் ஆபீசுக்கு வந்து, "சொல்லுதேன்" என்று வக்கீலிடம் சொன்னார். வக்கீல் எச்சரித்தார். அந்தத் தேதியில் அம்மா உயிரோடு இல்லை, அது அம்மாவின் கையெழுத்து இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அப்படியானால் யார் போட்டது என்று கேட்டால், நிலையத்துக்குத்தான் தெரியும் என்று சொல்ல வேண்டும். நான்தான் போட்டேன் என்று வாயால் சொல்லிவிட்டால், பொய்க் கையெழுத்து வழக்கு வரலாம். வேலையும் போய் மானமும் போகும்.

அக்கா கேட்டுக்கொண்டார். ஆனால் அதற்கு முன்னால் ஒரு இடத்துக்குப் போக வேண்டும் என்றார். அந்தத் தாள்களை எழுதிய அதிகாரி ஓய்வு பெற்று நகரத்தின் பழைய பகுதியில் இருந்தார். நல்ல மனிதர். கேஷுவல்கள் வீட்டில் அடுப்பு எரியட்டும் என்றுதான் அந்த வழக்கத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டவர். அக்கா விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு முகம் வெளுத்தது.

"என் பென்ஷனை யோசித்தாயா? நான் உனக்கு நல்லதுதானே செய்தேன்?" என்று மராத்தியில் கேட்டார்.

"நல்லதுதான் சாஹேப். அதையும் சொல்லுவேன்" என்றார் அக்கா.

அவர் மனைவி கொண்டுவந்து வைத்த அவலை நாங்கள் சாப்பிட்டோம். கிளம்பும்போது சாஹேப் வாசல் வரை வந்து, நாங்கள் செருப்பு மாட்டுகிற வரை நின்றார்.

சாட்சிக் கூண்டில் அக்கா ஏறிய நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நிலையத்தின் வக்கீல் ஒப்பந்தத் தாளை நீட்டி, இது உங்கள் அம்மாவின் கையெழுத்துத்தானே என்று கேட்டார். அக்கா இல்லை என்றார். எங்கள் வக்கீல் இறப்புச் சான்றிதழை எடுத்துக் கொடுத்தார். நீதிபதி இரண்டு தேதியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். எங்கள் பக்கம் ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன். அக்கா இறங்கிவிட வேண்டும், இறங்கிவிட வேண்டும் என்று மனசுக்குள் ஜெபித்தேன்.

நிலையத்தின் வக்கீலுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்படியென்றால் அந்த நாள்களில் அங்கே வந்தது யார்? பேயா?"

எங்கள் வக்கீல் அக்காவைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார். நிலையத்துக்குத்தான் தெரியும் என்று சொன்னால் முடிந்தது. அக்கா அவரைப் பார்த்தார், அப்புறம் நீதிபதியைப் பார்த்தார்.

"மை ஆயீ தீ. மைனே கியா" என்றார். நான்தான் வந்தேன், நான்தான் செய்தேன்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, யோசித்துச் சொல்லுங்கள். இன்னொருவர் பெயரில் கையெழுத்துப் போடுவது குற்றம். நீங்கள் சொல்வது பதிவாகும்."

அக்கா கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கேம்ப் ஹிந்தியில் நிதானமாகச் சொன்னார். "தெரியும் சாஹேப். அந்தக் கையெழுத்து பொய். அந்த வேலை பொய் இல்லை. ஆறு நாளுக்கு மேல் வேலை இருந்தது, ஆறு நாளுக்கு மேல் பெயர் இல்லை. பெரிய சாஹேப் எங்களைப் பட்டினி போடக் கூடாது என்று நினைத்தார், அவர் நல்லவர். கையெழுத்தையும் நான்தான் போட்டேன், வேலையையும் நான்தான் செய்தேன். ரெண்டையும் என் பெயரிலேயே எழுதிக்கொள்ளுங்கள்."

எங்கள் வக்கீல் கையை நெற்றியில் வைத்துக்கொண்டார். நீதிபதி அதை ஸ்டெனோவிடம் வார்த்தைக்கு வார்த்தை சொல்லி எழுதவைத்தார்.

தீர்ப்பு வர எட்டு மாதம் ஆயிற்று. ஒவ்வொரு நாளும் போலீஸ் வருமோ என்று நான் பயந்தேன். அக்கா நூல் கடையில் வழக்கம்போல நூற்கண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கடைசியில், வழக்கத்தை உண்டாக்கியது நிலையம், அந்தப் பொய்யின் லாபத்தையும் நிலையமே எடுத்துக்கொள்ள முடியாது என்று தீர்ப்பாயம் சொன்னது. வீட்டுப் பெயர்களில் நடந்த வேலை எல்லாம் அக்காவின் வேலைதான், அந்த நாள்களை இவர் பெயரில் பதிவு செய்து வேலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றது. பொய்க் கையெழுத்துக்கு யாரும் வழக்குப் போடவில்லை. ஓய்வு பெற்ற அதிகாரியையும் யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. மேல்முறையீடு என்று நிலையம் இன்னும் இரண்டு வருஷம் இழுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது.

அக்கா மறுபடி வேலைக்குச் சேர்ந்த நாளில் தீர்ப்பின் நகலோடு நானும் போனேன். டேப் லைப்ரரியில் பாதி அலமாரி காலி, ஒரு மூலையில் கம்ப்யூட்டர் வந்திருந்தது. நிர்வாகப் பிரிவு கிளார்க், தீர்ப்பில் சொன்னபடி நாள்களை ஒரே வரியில் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன், கையெழுத்துப் போடுங்கள் என்றார். அக்கா பழைய பதிவேட்டைக் கேட்டார். அது எதற்கு என்றார் கிளார்க். "அதுலதான தப்பா இருக்கு" என்று அக்கா உட்கார்ந்துவிட்டார். கிளார்க் என்னைப் பார்த்தார். நான் தீர்ப்பைப் பிரித்து, பதிவு செய்ய வேண்டும் என்ற வரியில் விரலை வைத்தேன். அவர் அலுத்துக்கொண்டே போய்த் தூசி படிந்த ஒரு தடிப் புத்தகத்தையும் சிவப்புப் பேனாவையும் கொண்டுவந்து வைத்தார்.

அக்கா ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாக அம்மாவின் பெயரை அடித்தார். மேலே தன் பெயரை எழுதி, பக்கத்தில் தேதி போட்டார். அண்ணி பெயரையும் அப்படியே அடித்து எழுதினார். தங்கை பெயர் இருந்த வரிகளைத் தொடவில்லை, அதைத் தாண்டித் தாண்டிப் போனார். கிளார்க் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்தார். அதற்குள் அக்கா அந்தக் கடைசி நாலு மாதத்துக்கு வந்திருந்தார். அங்கே மட்டும் பேனா கொஞ்சம் மெதுவாக ஓடியது. கடைசி வரியை அடித்து, எழுதி, மை காய ஊதினார்.

"முடிஞ்சிட்டாக்கா?" என்று கேட்டேன்.

அக்கா பதிவேட்டை மூடினார். கண் நிறைந்து வழிந்தது, அதைத் துடைக்கக்கூட இல்லை.

"முடிஞ்சிட்டு பிள்ள. எங்கம்மை இன்னைக்குத்தான் வேலைய விட்டு நின்னுருக்கா" என்றார்.